பொன்னுரங்கத்தின் தண்ணீர்

நெட்டவேலம்பாளையத்துச் சேகோ ஆலையின் கழிவுநீர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஓடையில் போய் விழ மனசில்லாமல் பாதி வழியில் நின்று, கொஞ்ச நேரம் யோசித்து, வந்த வழியே திரும்பி மேடேறி, தார்ச்சாலையைப் பிடித்து, எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பேக்கரி முக்கில் திரும்பி, ஆலை முதலாளி பொன்னுரங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்து, வரவேற்பறை சோபாவுக்கு அடியில் படுத்துக்கொண்டது. பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தாவது அதற்கு வீட்டு ஞாபகம் வந்ததே என்றுதான் பேசிக்கொண்டோம்.

மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலெடுத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்குகிற மாவை ஜவ்வரிசியாக உருட்டி, நாட்டிலுள்ள கல்யாணப் பாயசங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு, மேலே நிற்கிற புளித்த தண்ணீரை மட்டும் எங்களுக்கென்று ஓடையில் விடுவது அந்த ஆலையின் வழக்கம். அந்த நாற்றத்தில் பிறந்து, அந்த நாற்றத்தில் பள்ளிக்கூடம் போய், அந்த நாற்றத்திலேயே மாலை மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். வெளியூருக்குப் போனால் எங்களுக்குக் காற்றில் உப்புக் குறைந்த மாதிரி இருக்கும்.

பொன்னுரங்கம் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கோயிலுக்குக் கொடுப்பார், சாவுக்கு வருவார், ஓடையை மட்டும் பார்க்கமாட்டார். இப்போது ஓடை அவரைப் பார்க்க வந்துவிட்டது. அவர் எழுந்தால் எழுந்தது, நடந்தால் நடந்தது. வங்கிக்குப் போனால் வாசலில் செருப்புகளோடு காத்திருந்தது. கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. முதல் பந்தி முடிந்ததும் அவரோடு எழுந்து போனது. டீக்கடை மாரப்பன் ரொம்பப் பணிவாக, "பின்னாடி வர்றவியளுக்கும் ஒரு டீ போட்றட்டுங்களா?" என்று கேட்டான். ஒரு வாரத்துக்குள் அதன்மேல் கால் வைக்காமல் ஒதுங்கி நடப்பது எங்களுக்குப் பழகிவிட்டது, தெருநாயைத் தாண்டுவதுபோல.

பழகாதவள் பொன்னுரங்கத்தின் மனைவி கோமதி ஒருத்திதான். "ஒண்ணு அது வெளிய போவோணும், இல்ல நீங்க வெளிய போவோணும்," என்றாள். அவர் வெளியே போனால் அதுவும் போய்விடும் என்பதால், அந்தம்மாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான்.

ஓடைக்கரையில் ஆலைக்கு அடுத்த முதல் கிணறு அத்தாயியுடையது. அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் லாரியோடு வடநாடு போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. காடு கழனி முழுக்க அவள் பொறுப்பு. அந்தக் கிணற்றில் வாளியை விட்டால் நுரைதான் முதலில் மேலே வரும். அதை ஊற்றி நட்ட வெங்காய நாற்று பத்த வைத்ததுபோல் கருகும். சொந்தக் கிணற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடிதண்ணிக்கு சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனவள் அவள். கலெக்டர் ஆபீசில் அவளைத் தெரியாத பியூன் இல்லை. மனுக் கொடுத்து மனுக் கொடுத்து அவளுடைய கைநாட்டுக்கே அங்கே மரியாதை வந்திருந்தது.

கழிவுநீர் முதலாளி வீட்டில் குடியேறிய பிறகு ஒரு மழைதான் பெய்தது. கிணறு தெளிந்தது. அத்தாயி வாளியை இழுத்து முகர்ந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், கிணற்று மேட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து போய் சின்ன வெங்காயம் நட்டாள். அது கருகாமல் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றதைப் பார்க்க நாங்கள் வேலை வெட்டியை விட்டுப் போய் வரப்பில் நின்றோம்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? வந்தது, துறை துறையாக வந்தது, ஜீப் ஜீப்பாக வந்தது. முதலில் வந்த துறை, கழிவுநீரை வீட்டில் வைத்திருப்பதற்கு லிட்டருக்கு இவ்வளவு என்று அபராதம் போட்டது. இரண்டாவதாக வந்த துறை, கழிவுநீரை ஓடையில் விடாமல் வைத்திருப்பதற்கு லிட்டருக்கு அதே அளவு ஊக்கத்தொகை கொடுத்தது. மூன்றாவது துறை, ஆலையிலிருந்து ஒரு சொட்டும் வெளியேறவில்லை என்று கண்டு பூரித்து, மாவட்டத்திலேயே தூய்மையான தொழிற்சாலை என்று கேடயம் கொடுத்தது; கேடயம் வாங்கும்போது கழிவுநீரும் பின்னால் நின்று படத்தில் விழுந்தது. நான்காவது துறை, இந்த மூன்று துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்று பார்க்க வந்து, பேசிக்கொள்ளவில்லை என்று கண்டு, அதற்காகவே ஒரு புதுத் துறை வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. அபராதமும் ஊக்கத்தொகையும் நேருக்கு நேர் கழிந்துபோக, மிச்சமாக நின்றது ஜீப்புக்குப் போட்ட டீசலும் மாரப்பன் கடை வடையும்தான்.

பொன்னுரங்கத்துக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மனிதனுக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதே. கோமதி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் போய் அமைச்சரின் காலில் விழுந்தார். கழிவுநீரும் அவரோடு சேர்ந்து விழுந்தது. அறையை விட்டு எல்லாரும் வெளியே ஓடினார்கள். உடனே ஒரு நிபுணர் அனுப்பப்பட்டார்.

நிபுணர் சிவந்த நிறத்தவர், மெல்லப் பேசுபவர், கையில் எப்போதும் கைக்குட்டை. பள்ளிக்கூடத் திடலில் எங்களை உட்காரவைத்து, ஒரு தொழிலைத் திருத்தி நல்வழிப்படுத்துவது தனிக் கலை என்று விளக்கினார். தண்டனை மட்டும் போட்டால் முதலாளி ஓடிவிடுவாராம், சலுகை மட்டும் கொடுத்தால் தூங்கிவிடுவாராம், அறிவுரை மட்டும் சொன்னால் சிரிப்பாராம். மூன்றையும் சரியான அளவில் கலக்க வேண்டுமாம், அந்தக் கலவையில்தான் சூட்சுமம் இருக்கிறதாம்.

"கலக்கறதெல்லாம் சரிங்க," என்றாள் அத்தாயி. "கடைசில அத யாரு குடிக்கிறது?"

நல்ல கேள்வி என்று சொல்லி நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆனால் அவர் முட்டாளில்லை. தண்ணீர் தன் உடைமைக்காரரின் பின்னால்தான் போகிறது என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்தார். அப்படியானால் உடைமைக்காரரை மாற்றிவிட்டால் போதுமே! பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைத்துக் கழிவுநீரை ஆலை மேனேஜர் சண்முகநாதன் பெயருக்கு எழுதினார்கள். தண்ணீர் முத்திரைத்தாளைச் சட்டை செய்யவில்லை, பொன்னுரங்கத்தின் காலடியிலேயே கிடந்தது. அப்போது கிராம உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டே, "நம்ம பக்கம் மாடு கன்னு, நெலம் நீச்சு, பொண்ணு எதக் குடுத்தாலும் தண்ணி ஊத்தித்தானுங்க குடுக்கறது," என்றார். பொன்னுரங்கம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கொடுத்தேன் என்று மனசாரச் சொல்லி, மேனேஜர் கையில் தாரை வார்த்தார். காலடியில் கிடந்தது எழுந்தது, சோம்பல் முறித்தது, மேனேஜர் பின்னால் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மேனேஜர் கண்ணீரோடு ஓடிவந்து, முதலாளியின் கையைப் பிடித்து இழுத்து ஊற்றித் திருப்பிக் கொடுத்தான். சோதனை வெற்றி என்று நிபுணர் அறிவித்தார்.

அப்படிப் பிறந்ததுதான் ஊட்டநீர்ப் பகிர்வுத் திட்டம். கழிவுநீர் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். ஊட்டநீரை ஏழை விவசாயிகளுக்கு இலவசமாகத் தாரை வார்ப்பது, வாங்கிக்கொள்ளும் விவசாயிக்குப் பாராட்டுச் சான்று, கொடுக்கும் ஆலைக்கு வரிச்சலுகை, விரிவாக்கத்துக்கு மானியம். முதல் பயனாளி அத்தாயி. கிணறு பக்கத்தில் இருக்கிறது, மனுவும் அதிகமாகக் கொடுத்தது அவள்தான், ஆகவே அரசு அவள் குரலுக்குச் செவி சாய்த்துவிட்டதாம்.

அத்தாயி எங்களிடம் வந்தாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களில் பாதிப் பேருக்கு ஆலையில் வேலை, மீதிப் பேருக்கு ஆலைக்குக் கிழங்கு விற்க வேண்டும். "வாங்கலீன்னா பட்டாவுல கை வெப்பாங்க அம்மிணி," என்று ஒருவர் புத்தி சொன்னார். அவருக்கு ஓடைக்கரையில் காடு இல்லை.

விழாவன்று பெரிய பந்தல், பெரிய மேடை. ஆலை நேரடியாக விவசாயிக்கு ஊற்றினால் அமைச்சருக்குப் படத்தில் வேலையில்லை என்பதால், ஆலை அரசுக்குக் கொடுக்கும், அரசு விவசாயிக்குக் கொடுக்கும் என்று ஏற்பாடு. முதலில் பயனாளிக்கு நலத்திட்ட உதவி. அத்தாயியின் ஒரு கையில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கொடுத்தார்கள், இன்னொரு கையில் வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள், கேமராக்களைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். பிறகு பொன்னுரங்கம் வெள்ளிச் சொம்பை எடுத்து, கொடுத்தேன் என்று சொல்லி அமைச்சரின் கைநிறைய ஊற்றினார். அவர் காலடியில் கிடந்தது நகர்ந்து அமைச்சரின் காலடிக்குப் போனது. திடலே கைதட்டியது. அமைச்சர் சொம்பை வாங்கிக்கொண்டு அத்தாயியின் பக்கம் திரும்பினார்.

"கைய நீட்டும்மா."

"கையில எடமில்லீங்களே," என்றாள் அத்தாயி.

"அதக் கீழ வெய்யும்மா," என்று அமைச்சரின் உதவியாளர் பல்லைக் கடித்தார்.

"நீங்க குடுத்த சாமானத்தக் கீழ போடுவனுங்களா? அது மருவாதியா?" என்றாள். பக்கெட்டை இடுப்போடும் கன்றை மார்போடும் இறுக்கிக்கொண்டாள். கேமராக்கள் எல்லாம் அவளையே பார்த்தன. அரசு கொடுத்த பொருளை அரசே பிடுங்குவதைப் படமெடுக்க விட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை. அமைச்சருக்கு அடுத்த ஊரில் அடுத்த விழா, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் சிரித்தபடியே கும்பிட்டுக் காரில் ஏறினார். ஊட்டநீரும் பாதுகாப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் ஒழுங்காக வரிசையில் சேர்ந்துகொண்டு போனது.

அன்றைக்கு நாங்கள் அடித்த விசில் பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். தலையைக் குனிந்தவர்கள்தான் அதிகமாக அடித்தோம்.

தலைநகரில் அது கொஞ்ச காலம் இருந்தது. கோட்டை வராந்தாக்களில் அது நடமாடியதாகவும், கோப்புகளைப் படித்ததாகவும், ஒரு துறையும் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாததால் மனம் நொந்து இன்னும் புளித்ததாகவும் சொன்னார்கள். நிபுணர் மறுபடி வரவழைக்கப்பட்டார். பழைய கலவையில் ஒரு பொருள் குறைவு என்றார் அவர். அந்தப் பொருளின் பெயர் மோர்.

சித்திரை வெயிலில் எங்கள் ஊர் முக்கில் நீர்மோர்ப் பந்தல் திறக்க அமைச்சர் வந்தார். டம்ளர் வைக்கவில்லை, பிளாஸ்டிக் ஒழிப்பு என்றார்கள், நல்ல காரியம்தானே. அவரே கரண்டியால் மொண்டு ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார், ஊற்றும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். ஓட்டுக் கேட்கப் பயிற்சி எடுக்கிறார் என்று நினைத்தோம். சந்தைக்கு முதல் வெங்காய மூட்டையைப் போட்டுவிட்டு, நாக்கு வறண்டு வந்த அத்தாயியும் வரிசையில் நின்றாள். அவ்வளவு சூதானமானவள், மோர்தானே என்று கையைக் குவித்தாள். அந்த மோரில் மோர் கொஞ்சம், தண்ணீர்தான் மிச்சம் என்பது தொண்டையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. "ஐயோ, குடுத்துப்போட்டானே!" என்று அவள் கத்தியபோது அமைச்சரின் கார் கிளம்பிவிட்டது, பின்னால் ஒன்றுமே இல்லாமல், சுத்தமாக.

கழிவுநீர் ஊர் முழுக்கப் பங்கு பிரிந்தது. ஏழை பணக்காரன் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை. சமத்துவம் என்றால் என்ன என்று எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. கை நீட்டியவர் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு குட்டைத் தண்ணீர் வந்து வாசலில் படுத்தது, ஆலை ஓட ஓடக் கொழுத்தது. பந்தலுக்கு வராத பொன்னுரங்கத்தின் வீட்டில் மட்டும் ஊதுவத்தி மணந்தது. கோமதி திரும்பி வந்துவிட்டாள்.

அத்தாயியின் பங்கு வாசலில் படுக்கவில்லை. அவளிடம் கிணறு இருந்தது. அது கிணற்று மேட்டில் ஏறி, விளிம்பில் மோவாயை வைத்த மாதிரி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அத்தாயி பகலெல்லாம் அங்கேயே நின்று மண்ணை அள்ளி அணை கட்டினாள், அது அடுத்த பக்கம் போனது; அங்கே கட்டினாள், இந்தப் பக்கம் வந்தது. வயலில் மிச்ச வெங்காயம் எடுப்பாக நின்றது, இன்னும் ரெண்டு தண்ணி கட்டினால் பறித்துவிடலாம். "ரெண்டு தண்ணிக்கி மட்டும் உடு," என்று அவள் அதனிடம் கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன். எனக்குத் துக்கமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பொன்னுரங்கம், விரிவாக்க மானியத்தில், பழையதைப்போல் இரண்டு மடங்குப் பெரிய ஆலை கட்டி முடித்தார். திறப்பு விழாவுக்கு அழைக்க வேண்டும். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குத் தபாலில் அழைத்தால் அது அழைப்பே இல்லை. வீடு வீடாக வர வேண்டும், ஒரு வீடு விட்டுப்போனாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை நின்றுவிடும். வந்த வீட்டில் கை நனைக்காமல், அதாவது ஒரு வாய் சாப்பிடாமல் போனால், அது அதைவிடப் பெரிய பகை. வெற்றிலைத் தாம்பாளத்தோடு அவர் முதலில் வந்தது ஆலைக்கு அடுத்த காடு என்பதால் அத்தாயி வீட்டுக்குத்தான்.

"தங்கச்சி, பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத. எல்லாருக்கும் பங்கு வந்தாப்பலதான உனக்கும் வந்துச்சு. விழாவுக்கு வந்துரோணும்."

"வராம இருப்பனுங்களாண்ணா? ரெண்டு பணியாரம் சாப்புடுங்க," என்றாள் அத்தாயி. தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சொம்பைக் கொண்டுவந்தாள். "கை கழுவுங்கண்ணா."

பிறந்ததிலிருந்து செய்த பழக்கம். மனிதர் கையை நீட்டிவிட்டார். அத்தாயி நிதானமாக, மனசார, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள். "குடுத்தேனுங்க," என்றாள்.

கிணற்று விளிம்பில் கிடந்தது எழுந்து, வயல் வரப்பு வழியாக ஒரு செடியையும் மிதிக்காமல் நடந்து வந்து, பழைய எஜமானைக் கண்ட சந்தோஷத்தில் அவர் வேட்டியை நனைத்தது. பொன்னுரங்கம் பணியாரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நாங்கள் அவரவர் வீட்டுக்கு ஓடினோம், பெண்டாட்டியைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னோம்.

அடுத்த வீட்டில், "கை சுத்தமாத்தான் இருக்குது," என்று அவர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஏனுங், எங்கூட்டுல கை நனைக்க மாட்டீங்களா? நாங்க என்ன அவ்வளவு எளப்பமா?" என்று அந்த வீட்டுக்காரர் கண் கலங்கினார். கலங்கியது நிஜமா நடிப்பா என்று இன்று வரை அவருக்கே தெரியாது. பொன்னுரங்கம் கையை நீட்டினார். திரும்பிப் போகவும் முடியாது, பாதி வீட்டோடு நிறுத்தினால் ஊரே பகை, கிழங்கு வராது, ஆள் வராது. தெருத்தெருவாகப் பணியாரமும் வடையும் இட்லியும் தின்றுகொண்டே அவர் நடக்க, அவருக்குப் பின்னால் தண்ணீர் வீட்டுக்கு வீடு பெருத்து, கடைசித் தெருவைத் தாண்டும்போது கோயில் தேர் அகலத்துக்கு இருந்தது.

கோமதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஆலைக்குப் பின்னாடி சாக்கு போத்தி ஒண்ணு நிக்குதே, அது என்னதுங்க?" என்று கேட்டாள். அது பழைய மானியத்தில் வாங்கிய சுத்திகரிப்புக் கலன். படம் எடுத்த நாளிலிருந்து மூடிக் கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே பிரித்தார்கள், குழாயை மாட்டினார்கள். தண்ணீர் இன்னமும் அவர் பின்னால்தான் நடக்கிறது, நாற்றம்தான் இல்லை.

அத்தாயி வெங்காயத்தைப் பறித்துவிட்டாள்.

வைகாசி கடைசியில் அரசாணை ஒன்று வந்தது. கிராமங்களுக்கு வருகை தரும் அலுவலர்கள், தொழில்முனைவோர் ஆகியோருடைய கைகளில் முன் அனுமதியின்றி எவ்வகைத் திரவத்தையும் ஊற்றுதல் கூடாது. அதை வீடு வீடாக வாசித்துக் காட்ட ஓர் அலுவலர் வந்தார். நல்ல மனிதர், வழியில் வண்டி பஞ்சராகி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். அத்தாயியின் கிணற்று மேட்டில் நின்று முழுவதும் வாசித்து முடித்தார். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா," என்றார்.

அத்தாயி வாளியை விட்டு இழுத்தாள். நுரையில்லை. சொம்பில் ஊற்றினாள். சொம்பின் அடியில் பொறித்திருந்த பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"கையில ஊத்தலீங்க. சொம்போட புடிச்சுக் குடிங்க," என்று நீட்டினாள்.

அலுவலர் சொம்பைப் பார்த்தார். கையிலிருந்த ஆணையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்," என்றார், வெடித்த உதட்டை நக்கிக்கொண்டே.

அத்தாயி வற்புறுத்தவில்லை. சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று அவ்வளவையும் தானே குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்க இறங்க, பார்த்துக்கொண்டு நின்ற அவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.